எந்தப் பக்கம் பார்த்த கோயில்? மாயர் நகரங்களைப் படமெடுக்க எங்கே போவது

டாலஸில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் போன் செய்தான். டிசம்பர் கடைசியில் எட்டு நாள் விடுமுறை, கேமராவோடு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயர்களின் பழைய நகரம் ஒன்றுக்குப் போக வேண்டும், எங்கே போகலாம் அண்ணா என்றான். மெக்சிகோவில் கான்குனுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, பேசாமல் அங்கிருந்து சிச்சென் இட்சாவுக்கே போய்விடட்டுமா என்றும் கேட்டான். போனில் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அவனுக்கு எழுதி அனுப்பியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தப் பக்கம் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நல்ல வெளிச்சம் இருந்த சில மணி நேரங்களைத் தவறவிட்டேன். உங்களுக்கு அவை கிடைக்கட்டும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எட்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மாயர் நகரங்கள் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடோர் என்று ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். படமெடுக்கப் போகிறவர் ஒரே இடத்தில் இரண்டு காலை, இரண்டு மாலை நிற்க வேண்டும். ஆகவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். என் கணக்கில் நான்கு வழிகள்: மெக்சிகோவில் யுகத்தான் பக்கம் சிச்சென் இட்சாவும் உஷ்மாலும், சியாபாஸ் மாநிலத்தில் பலென்கே, குவாத்தமாலாவில் திகால், ஹோண்டுராஸில் கோபான்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால்கூட நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் பக்கம் பார்த்த வாசல்?" என்றுதான். கோயிலைப் படமெடுக்கப் போகிறவருக்கும் அதுவே முதல் கேள்வி. கிழக்கு பார்த்த கோயிலுக்கு மாலையில் போய் நின்றால் முகம் கறுத்துத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். எந்த இடம் புகழ் பெற்றது, எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

வெயிலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. கோபான் 15-க்குச் சற்றுக் கீழே, திகால் 17, சிச்சென் இட்சா 20-க்குச் சற்று மேலே. கிட்டத்தட்ட நம் ஊர்ச் சூரியன்தான். விடிந்ததும் மளமளவென்று மேலே ஏறிவிடும். ஒன்பது மணிக்கெல்லாம் நிழல் கறுத்து, வானம் வெளுத்துவிடும். காலையில் மெரினாவில் கேமரா பிடித்தவருக்கு இது தெரிந்த சங்கதி.

மெக்சிகோவில் பெரும்பாலான தொல்லியல் இடங்கள் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகின்றன. இதைச் சூரியனின் உயரத்தோடு பொருத்திப் பாருங்கள். உஷ்மாலில் டிசம்பர் கடைசியில் காலை 8 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 17 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜூன் கடைசியில் அதே 8 மணிக்கு அது 35 டிகிரிக்கு ஏறியிருக்கும். மாலை 5 மணிக்கும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தான்: டிசம்பரில் 5 டிகிரி, ஜூனில் 21. அதாவது டிசம்பரில் போனால் காவலர் விசிலடித்து வெளியே அனுப்பும் நேரத்தில் கல்லெல்லாம் பொன் பூத்திருக்கும். ஜூனில் போனால் வெயில் இறங்கும் முன்பே நீங்கள் பார்க்கிங்கில் நிற்பீர்கள். நான் முதல் தடவை போனது ஜூலையில். கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே மெல்ல மெல்ல நிறம் மாறிய வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

சரி, சிச்சென் இட்சா. நடுவில் நிற்கும் குக்குல்கான் பிரமிட்டை, எல் காஸ்டியோ என்பார்கள், தெரியாதவர் இல்லை. உச்சிக் கோயிலையும் சேர்த்து 30 மீட்டர் உயரம். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, மேலே ஒன்று, மொத்தம் 365. படியேற 2006 முதல் அனுமதி கிடையாது. படத்துக்கு அது நல்லதுதான், கோபுரத்தின் மேல் மனிதத் தலைகள் இருக்காது. சிக்கல் வேறு இடத்தில். நன்றாகச் செப்பனிட்ட முகங்கள் வடக்கும் மேற்கும்தான். பாம்புத் தலைகள் இருக்கும் புகழ் பெற்ற படி வடக்குப் பக்கம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் அந்த வடக்கு முகம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். மேற்கு முகத்துக்கு மதியத்துக்கு மேல்தான் வெளிச்சம் வரும். ஆனால் கான்குனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் பத்து, பதினொரு மணிக்கு வந்து இறங்கிவிடும். வெளிச்சம் வரும்போது கூட்டமும் உள்ளே இருக்கும்.

மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் மாலையில் வடக்குப் படியின் ஓரச் சுவரில் முக்கோண நிழல்கள் விழுந்து பாம்பு இறங்குவதுபோலத் தெரியும். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். படம்தான் வேண்டுமென்றால் சரியாக அந்த நாளில் போக வேண்டியதில்லை. முன்னும் பின்னும் சில நாள் அதே நிழல் ஏறக்குறைய அப்படியே தெரியும், கூட்டம் குறைவாக இருக்கும்.

இங்கே ஒரு வசதி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. கான்குன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தின் கடிகாரம், சிச்சென் இட்சா இருக்கும் யுகத்தான் மாநிலத்தின் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கான்குனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கான்குன் நேரம் ஆறரைக்குக் கிளம்பினாலும் எட்டு மணிக்குக் கேட் திறக்கும்போது அங்கே நிற்கலாம். அதைவிட நல்லது முந்தின இரவே வயதோலித் ஊரில் தங்கிவிடுவது. எட்டிலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரம் உங்களுடையது. அந்த நேரத்தில் பிரமிட்டைவிட பெரிய பந்தாட்டக் களத்துக்கு, 168 மீட்டர் நீளம், முதலில் போங்கள். காலையில் அதன் நீண்ட சுவர் ஒன்றில் வெயில் பட்டு, எதிர்ச்சுவர் நிழலில் இருக்கும். ஆள் வந்துவிட்டால் அந்த வெறுமை திரும்பக் கிடைக்காது.

கேமராக்காரருக்கு சிச்சென் இட்சா ஒரு காலை வேலை. அதை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள் என்பதுதான் தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில்.

அதே யுகத்தானில், மாநிலத் தலைநகர் மெரிடாவுக்குத் தெற்கே 80 கிலோமீட்டரில் உஷ்மால் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்த வராது. புக் என்ற சிறு குன்றுப் பகுதி. அந்தக் கட்டிடப் பாணிக்கும் அதே பெயர். சுவரின் கீழ்ப்பாதி வெறுமையாக, வழவழவென்று இருக்கும். மேல்பாதி முழுக்கச் செதுக்கிய கற்துண்டுகளை ஒட்டுப்போட்ட அலங்காரம்: வலைப் பின்னல், படிக்கோலம், நடுநடுவே மழைக் கடவுள் சாக்கின் முகங்கள். பக்கத்தில் போய் ஒரு முகத்தைப் பாருங்கள். அது ஒரே கல் இல்லை. கண் ஒரு கல், புருவம் ஒரு கல், காதுக்குழை ஒரு கல், பல்வரிசை தனித்தனிக் கல், வளைந்து நீளும் மூக்கு ஒரு கல். யானைத் தும்பிக்கைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குகள் பல ஒடிந்துபோய், இடத்தில் தழும்பு மட்டும் இருக்கிறது. ஒடியாமல் இருக்கும் மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் கோணத்தைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம்.

அந்த நிழல்தான் இங்கே முக்கியம். ஆளுநர் மாளிகை என்று பெயர் சூட்டப்பட்ட கட்டிடம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்த திசை பார்த்தது. டிசம்பர் காலை 8 மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட அதன் நேர் எதிரே நிற்கும். நிறம் அருமையாக வரும், ஆனால் முகத்துக்கு நேராக டார்ச் அடித்த மாதிரி செதுக்கலெல்லாம் தட்டையாகிவிடும். பத்தரைக்கு மேல் சூரியன் பக்கவாட்டில் நகர்ந்து மேலே ஏறும்போதுதான் ஒவ்வொரு கல்லும் தனியே எழுந்து நிற்கும். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டுவரை, மற்ற கேமராக்காரர்கள் நிழல் தேடிப் போகிற நேரத்தில், நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் படம் எடுக்காதே என்று எல்லாரும் சொல்வார்கள். செதுக்கலுக்கு அந்த விதி பொருந்தாது. காலை 8 மணிக்கு மாளிகையின் முழு நீளத்தையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் கன்னியர் மாடத்தின் நாற்புற முற்றத்துக்குப் போய்விட்டு, பத்தரைக்குத் திரும்பி வாருங்கள். அந்த முற்றத்தில் வடக்குக் கட்டிடம் தெற்கு பார்த்தது. குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் உண்டு. மேற்குக் கட்டிடத்தைக் காலையிலும் கிழக்குக் கட்டிடத்தை மாலையிலும் எடுக்கலாம். நான்கு முகமும் நான்கு திசை பார்ப்பதால் எப்போது போனாலும் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும்.

மந்திரவாதிப் பிரமிட்டுக்கு மூலைகள் உருண்டிருக்கும். வேறு பிரமிட்டுகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. சுமார் 35 மீட்டர். அதை மாலையில், ஆளுநர் மாளிகை மேடையிலிருந்து வடக்கே பார்த்து எடுங்கள். டிசம்பரில் சூரியன் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருக்கும், பிரமிட் காட்டுக்கு மேலே தனியாக மஞ்சளாக நிற்கும். இங்கே கூட்டமும் சிச்சென் இட்சாவில் இருப்பதுபோல இல்லை. சுவரில் வெயில் காயும் உடும்பு மாதிரி இகுவானாக்கள்தான் அதிகம். இன்னொரு நாள் மாலையை இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் கபாவுக்குக் கொடுக்கலாம். அங்கே ஒரு கட்டிடத்தின் முகம் முழுக்க, அடி முதல் மேல்வரை, சாக் முகங்கள்தான். மேற்கு பார்த்தது. நாலு மணி வெயிலில் அதைப் பார்த்தபோது எங்கே கேமராவைத் திருப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பலென்கே வேறு மாதிரி. யுகத்தான் வறண்ட சமவெளி, பலென்கே ஈரக் காடு. பச்சை மலை பின்னால் எழும்ப, அதன் மடியில் வெள்ளைக் கட்டிடங்கள். 615-ல் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறி 683-ல் இறக்கும்வரை ஆண்ட பக்கால் மன்னனின் ஊர். அவன் கல்லறை கல்வெட்டுக் கோயிலின் அடியில் இருப்பதை 1952-ல் அல்பெர்த்தோ ரூஸ் கண்டுபிடித்தார். இந்தக் கல்வெட்டுக் கோயில்தான் எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பது, அதுதான் வடக்கு பார்த்தது! டிசம்பரில் முகத்தில் நேர்வெயில் படவே படாது. மே இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம்வரை நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே போகும். அப்போது முகத்துக்கு வெளிச்சம் உண்டு, கூடவே மழையும் உண்டு.

அதனால் பலென்கேக்கு வெயிலைத் தேடிப் போகாதீர்கள், மூட்டத்தைத் தேடிப் போங்கள். காலையில் பனிப்புகை மலையிலிருந்து இறங்கும். வானம் வெள்ளையாக, நிழலே இல்லாமல், பாசி படிந்த கல் தன் நிறத்தில் தெரியும். வடக்கு பார்த்த முகம் என்ற குறையும் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். அரண்மனைத் தாழ்வாரங்களில் சுண்ணச் சாந்தால் செய்த உருவங்கள் இருக்கின்றன. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அவற்றை எடுக்கலாம், பிளாஷ் அடிக்கக் கூடாது. சிலுவைக் கோயில் தொகுதியில் மூன்று கோயில்கள் மூன்று திசை பார்க்கின்றன: சூரியன் கோயில் கிழக்கு, சிலுவைக் கோயில் தெற்கு, இலைச்சிலுவைக் கோயில் மேற்கு. வெயில் அடித்தால் அந்த வரிசையில் நகருங்கள்.

பலென்கேயோடு போனம்பாக் சுவரோவியங்களையும், உசுமசிந்தா ஆற்றில் படகில் போக வேண்டிய யாஷ்சிலானையும் சேர்க்கலாம் என்று பலர் திட்டம் போடுவார்கள். இரண்டும் மிகச் சிறந்த இடங்கள். ஆனால் சில ஆண்டுகளாக அந்த எல்லைப் பகுதியில் பாதுகாப்பு நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது, இடையிடையே மூடியும் வைக்கிறார்கள். கிளம்பும் வாரத்தில் விசாரிக்காமல் அதை நம்பி நாட்களை ஒதுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயில் மெரிடாவையும் பலென்கேயையும் இணைக்கிறது என்பது ஒரு வசதி.

இனி திகால். குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டுக்குள், 576 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவின் நடுவில் இருக்கிறது. யுனெஸ்கோ 1979-ல் பண்பாட்டுக்காகவும் இயற்கைக்காகவும் சேர்த்தே பட்டியலில் இட்டது. மற்ற மூன்று இடங்களிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: பூங்காவுக்கு உள்ளேயே தங்கலாம். பகல் நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை. டிசம்பரில் சூரியன் மறைவது ஐந்தரை வாக்கில். மாலை வெளிச்சம் கடைசித் துளிவரை உங்களுக்குக் கிடைக்கும். விடியலுக்கு முன் உள்ளே போகத் தனிச்சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டியோடுதான் விடுவார்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பது ஆறே காலுக்கு மேல், உதயம் பார்க்க ஏறும் நான்காம் கோயிலை (இங்கே கோயில்களுக்கு எண்தான் பெயர்) நடந்து அடைய அரை மணியாவது ஆகும். ஆறு மணிக் கேட்டை நம்பினால் உதயம் போய்விடும், அந்தத் தனிச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர். மரப்படி ஏறி உச்சிக்குக் கீழே கல் மேடையில் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும். நான் போனது ஜனவரியில். இருட்டில் ஏறி உட்கார்ந்ததும் வழிகாட்டி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கீழே காடு முழுக்க வெள்ளைப் பனிப்புகை. முதலில் ஒரு பக்கம் ஊளைக் குரங்கு உறுமியது. சிங்கம் என்றே நினைக்கத் தோன்றும். பிறகு இன்னொரு பக்கம். வானம் வெளுத்தது, ஒன்றும் தெரியவில்லை. ஆறே முக்காலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏமாற்றத்தோடு இறங்கத் தொடங்கினார்கள். பத்து நிமிடம் கழித்துப் புகை ஓரிடத்தில் மெலிந்தது. மூன்றாம் கோயிலின் கல் முகடு சாம்பல் நிறத்தில், மிதக்கிறதுபோல, மரங்களுக்கு மேலே வந்தது. அப்புறம் தூரத்தில் முதல் கோயில், இரண்டாம் கோயில். அரை நிமிடம், மறுபடி மூடிக்கொண்டது. இப்படி ஒரு மணி நேரம் மூடியும் திறந்தும் விளையாடியது.

அன்று என் கேமராவில் 24–70 லென்ஸ்தான் இருந்தது. பாரம் என்று தூரத்தை இழுக்கும் 70–200ஐ அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் கோயில் அங்கிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 47 மீட்டர் கோயில் படத்தில் தீக்குச்சித் தலை அளவுதான் வந்தது. மறுநாள் அதே நேரம் அதே இடத்துக்குப் பெரிய லென்ஸோடு போனேன். அன்று புகை எட்டு மணிவரை விலகவே இல்லை. ஆகவே இரண்டு விஷயம்: நீள லென்ஸ் இல்லாமல் நான்காம் கோயிலில் ஏறாதீர்கள், ஒரே காலையை நம்பித் திகாலுக்குப் போகாதீர்கள். இரண்டு இரவு, முடிந்தால் மூன்று.

பெருமுற்றத்தில் முதல் கோயில் மேற்கு பார்த்தது, எதிரே இரண்டாம் கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் இரண்டாம் கோயிலை எடுத்து, மாலையில் அதன் மேடையில் ஏறி நின்று முதல் கோயிலை எடுக்க வேண்டும். நடுப்பகலில் கட்டிடத்தை விட்டுவிட்டுக் காட்டைப் பாருங்கள்: சிலந்திக் குரங்கு, டூக்கான், மயில்போல மினுங்கும் வான்கோழி, வரிசையாக இலைத்துண்டு சுமக்கும் எறும்புகள். பூங்கா வழியில் ஒரு பெரிய சேய்பா மரம் நிற்கிறது, குவாத்தமாலாவின் தேசிய மரம், மாயர்களுக்குப் புனிதமானது. நம் இலவம் பஞ்சு மரமும் அதே இனம்தான். நம் ஊரில் தலையணைக்குப் பஞ்சு தரும் மரத்தை அந்த உயரத்தில் பார்த்து வாய் பிளந்து நின்றேன்.

ஒரு மாலையை ஏரிக்கரையில் இருக்கும் யஷ்ஹா என்ற இன்னொரு மாயர் நகரத்துக்கு ஒதுக்கினால் 216-ஆம் கோயிலின் மேலிருந்து ஏரிக்கு அப்பால் சூரியன் மறைவதை எடுக்கலாம். திகாலில் உதயம், யஷ்ஹாவில் அஸ்தமனம். இரண்டுக்கும் ஃப்ளோரெஸ் ஊர்தான் வாசல், அங்கே விமான நிலையம் உண்டு.

கோபானைக் கடைசியில் சொல்வதால் குறைவாக நினைக்க வேண்டாம்; அது வேறு கண்ணுள்ளவருக்கான இடம். உயரமான பிரமிட்டைத் தேடுகிறவர் ஏமாறுவார். சிற்பம், முகம், எழுத்து இவற்றை நெருங்கி எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மற்ற நகரங்களில் சுண்ணாம்புக் கல். இங்கே பச்சை கலந்த எரிமலைக் கல். அதனால் மன்னர்களின் நடுகற்கள் கிட்டத்தட்ட முழுச் சிலைபோலவே ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை 738-ல் கிரிகுவா என்ற இன்னொரு மாயர் நகரத்தின் அரசனிடம் சிக்கித் தலை இழந்த வஷக்லஹூன் உபா காவில் என்ற மன்னன் நட்டவை. 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட கல்வெட்டுப் படிக்கட்டின் மேல் மழைக்காகக் கித்தான் கூரை போட்டிருக்கிறார்கள். தூரப் படத்துக்கு அது இடைஞ்சல், நெருக்கப் படத்துக்கு அதுவே மென்மையான வெளிச்சம். 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். 1839-ல் இங்கே வந்து இந்த நடுகற்களை வரைந்த ஃபிரெடரிக் கேதர்வுட், சேற்றில் கால் புதைய, கொசுவுக்குப் பயந்து கையுறை போட்டுக்கொண்டு வரைந்தாராம். 1841-ல் திரும்பி யுகத்தானுக்கு வந்தபோது அவர் கூட்டத்தில் டாகேரியோடைப் என்ற அந்தக் காலத்துக் கேமரா ஒன்றும் இருந்தது.

முக்காலியை எடுத்துப் போவதா வேண்டாமா என்பதும் இடத்தைப் பொறுத்தது. மெக்சிகோவின் தொல்லியல் இடங்களில் முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும், டிரோனுக்குத் தடை. ஓரிடத்தில் கேட்டிலேயே என் முக்காலியை வாங்கி வைத்துவிட்டார்கள். நாள் முழுக்க அது அங்கேயே கிடந்தது. யுகத்தானுக்கும் பலென்கேக்கும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, நடுக்கம் தாங்கும் லென்ஸோ, மங்கல் வெளிச்சத்திலும் எடுக்க 1.8 துளையுள்ள ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸோ கொண்டு போங்கள். மெக்சிகோ இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், உள்ளூர் மக்களுக்கு அன்று இலவசம், கூட்டம் நிறைய வரும்.

மாதத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஏப்ரல்வரை பொதுவாக வறண்ட காலம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு முன் காட்டுநிலத்தை எரிப்பார்கள். புகைமூட்டத்தில் தூரக்காட்சி எதுவும் தெளிவாக வராது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் என் விருப்பம்.

ஈரப்பதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஜூலைப் பயணத்தில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தேன். கேட் திறந்ததும் ஓடிப் போய் முதல் படம் எடுக்கப் பார்த்தால் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்தால் மறுபடி படிகிறது. ஆளில்லாத அந்த முதல் கால் மணி நேரம் அப்படியே போயிற்று. இரவே கேமராவை ஜிப் உறையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடி, காலையில் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும். கொசு மருந்தில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் கையைத் துடைத்துவிட்டுக் கேமராவைத் தொடுங்கள், அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். ஆட்களைப் படமெடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். மாயர்கள் அழிந்துபோன இனம் இல்லை. அந்த மொழிகளை இன்றும் பேசும் மக்கள்தான் உங்களுக்கு வழி காட்டுகிறார்கள், மக்காச்சோளத் தோசைபோலத் தோர்த்தியா சுட்டுத் தருகிறார்கள்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது இதுதான். டிசம்பர், எட்டு நாள், ஒரு தடவை என்றால் திகால். மூன்று இரவு பூங்காவுக்குள், ஒரு நாள் யஷ்ஹாவுக்கு, மீதி நாட்கள் பயணத்துக்கும் பனிப்புகையில் தவறிப்போகும் காலைக்கும். கான்குன் டிக்கெட்டை விட மனமில்லை என்றால் மெரிடாவில் தங்கி உஷ்மாலுக்கு இரண்டு முழு நாள், கபாவுக்கு ஒரு மாலை, சிச்சென் இட்சாவுக்கு ஒரு காலை. கட்டிடக்கலையில் ஈடுபாடு உள்ளவருக்கு நான் இந்த இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன். பலென்கே, மழையோடு ஒத்துப்போகிறவருக்கு. கோபான், ஒரே சிலை முன் ஒரு மணி நேரம் நிற்கப் பொறுமை உள்ளவருக்கு.

ஒரு வாரம் யோசித்துவிட்டு ஃப்ளோரெஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். போய்ச் சேரும் அன்று மாலை என்ன செய்ய என்று கேட்டான். பையை அறையில் போட்டுவிட்டு, மூன்றரைக்குப் பெருமுற்றத்துக்கு நட, இரண்டாம் கோயில் மேடையில் ஏறி, கிழக்கே பார்த்து நில் என்றேன். நாலரைக்கு முதல் கோயிலின் படியெல்லாம் பழுப்பாக மாறும். ஐந்து மணிக்கு மரங்களின் நிழல் முற்றத்தைத் தாண்டி அதன் அடியில் ஏறத் தொடங்கும். அதற்கப்புறம் கேமராவில் வெளிச்ச அளவை உச்சி முகட்டுக்கு வைத்துக்கொள். கீழே எல்லாம் இருட்டில் போன பிறகும் அது மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும்.